நுண்துளைப் பொருளுக்குள் துகள்கள் நகர்வதை அளப்பதும் கணினியில் உருவகப்படுத்துவதும்

திரவம் நிரம்பிய மணற்படுகை, பாறை, வடிகட்டி, கூழ் போன்ற நுண்துளைப் பொருள்களுக்குள் ஒரு வைரஸோ, களிமண் துணுக்கோ, மருந்தேற்றிய நானோதுகளோ எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவில் செல்லும் என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நுண்ணோக்கியின் கீழ் துகள்களைப் பின்தொடர்ந்து அளப்பது. மற்றொன்று, துளைகளின் வடிவத்தைக் கணினிக்குள் அமைத்து அதில் துகள்களை உலவ விடுவது. இரண்டையும் செய்தவர்களில் பலர் இரு முடிவுகளும் பொருந்தவில்லை என்று திகைத்து நின்றிருப்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். பெரும்பாலான நேரங்களில் இந்தப் பொருந்தாமைக்குத் துளைக்குள் நடக்கும் புதிரான இயற்பியல் காரணமாக இருப்பதில்லை. கேமரா கண்ட துகளையும் கணினி கண்ட துகளையும் ஒரே அளவுகோலால் அளக்கத் தவறியதே காரணமாக இருக்கிறது. எனவே இந்த வழிகாட்டியில் அளவீட்டையும் உருவகப்படுத்தலையும் ஒரே வேலையின் இரு பாதிகளாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் துளையில்லாத திரவத்தில் அளவிடுங்கள்

1827-இல் ராபர்ட் பிரௌன் நீரில் மிதந்த நுண்துணுக்குகளின் ஓயாத அசைவைக் கவனித்தார். 1905-இல் ஐன்ஸ்டைன் அந்த அசைவுக்கு ஒரு கணக்கைத் தந்தார். ஒரு துகளின் விரவல் குணகம், அதாவது அது தற்செயலாக அலைந்து பரவும் விரைவைக் காட்டும் எண், வெப்பநிலைக்கு நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுத்தன்மைக்கும் துகளின் ஆரத்துக்கும் எதிர்விகிதத்திலும் அமையும் என்பது அதன் சாரம். இதன்படி 20 டிகிரி செல்சியஸ் நீரில் 200 நானோமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் விரவல் குணகம் நொடிக்கு ஏறக்குறைய 2.1 சதுர மைக்ரான். 1 மைக்ரான் விட்டமுள்ள கோளத்துக்கு அது 0.43 மட்டுமே.

உங்கள் துகள்களை நுண்துளைப் பொருளுக்குள் செலுத்துவதற்கு முன், அதே திரவத்தில், அதே வெப்பநிலையில், அதே நுண்ணோக்கியின் கீழ், சுவர்கள் எட்டாத தொலைவில் அளந்து இந்த எண்ணைப் பெற முடிகிறதா என்று பாருங்கள். பல நூறு தடங்களிலிருந்து பெற்ற அளவீடு கணக்கிலிருந்து சில சதவீதத்துக்குமேல் விலகினால் மேற்கொண்டு போக வேண்டாம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம், வெப்பநிலை நீங்கள் நினைத்தது அல்லாமல் இருக்கலாம், அல்லது ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்ற கணக்கே தவறியிருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். துளைக்குள் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறோம் என்பதால் இதில் அவசரம் காட்டாதீர்கள்.

ஊடகத்தைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தல்

கண்ணாடி மணிகளை நெருக்கமாக அடுக்கி அதில் நீரை ஊற்றினால் வெண்மையான மங்கல்தான் தெரியும். உள்ளே நகரும் துகள் தெரியாது. ஒளி ஒவ்வொரு மணியின் பரப்பிலும் வளைந்து சிதறுவதே காரணம். திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைத் திண்மத்தின் ஒளிவிலகல் எண்ணோடு பொருத்திவிட்டால் மணிகள் பார்வையிலிருந்து மறைந்து, ஒளிரும் துகள்கள் மட்டும் இருளில் தெரியும். உருக்கிய சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.458, நீருக்கு 1.333, கிளிசராலுக்கு 1.473. எடையில் 85 சதவீதம் கிளிசரால் கலந்த நீர் சிலிக்காவுக்கு அருகில் வந்துவிடும்; சரியாகப் பொருந்த ஏறக்குறைய 90 சதவீதம் வேண்டும். திரவத்தில் சிறிது ஒளிர்சாயம் கலந்தால் துளைகள் ஒளிர்ந்து மணிகள் கருமையாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய ஆழத்தை மட்டும் காணும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காக எடுக்கும் அந்தப் படமே பின்னர் உருவகப்படுத்தலுக்கான வரைபடமாகும்.

ஆனால் இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. 20 டிகிரியில் 85 சதவீதக் கிளிசராலின் பாகுத்தன்மை நீரைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. 200 நானோமீட்டர் துகள் 10 மைக்ரான் அகலத் துளையை நீரில் இருபது, இருபத்தைந்து நொடிகளில் விரவிக் கடக்கும். இந்தக் கலவையில் அதற்கு நாற்பது நிமிடங்கள் ஆகும். பாகுத்தன்மை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் மாறுவதால் நுண்ணோக்கி மேடையின் வெப்பநிலையைப் பதிவு செய்யாத அளவீடு பயன்படாது. கிளிசரால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். மூடி சரியாகப் பொருந்தாத புட்டியிலிருந்து எடுத்த கலவையோடு நான் பல நாட்கள் அளந்திருக்கிறேன். துகள்கள் நாளுக்கு நாள் சற்று வேகமாக நகர்வதைக் கண்டு, துளைகளின் உட்பரப்பு மாறுகிறது என்று ஒரு விளக்கமும் எழுதி வைத்திருந்தேன். மாறியது கலவையின் நீரளவு மட்டுமே. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியின்போதும் மீந்த திரவத்தின் ஒளிவிலகல் எண்ணை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறேன். நீரளவு மாறினால் அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

விரைவான அசைவு தேவைப்பட்டால் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் நீரும் கலந்த கலவையை நாடலாம். அதன் பாகுத்தன்மை நீரைவிடச் சில மடங்கே அதிகம். அப்போது துகள்கள் அந்தக் கரைப்பானில் உப்பாமலும் சாயத்தை இழக்காமலும் இருக்கின்றனவா என்பதை முன்னதாகவே சோதிக்க வேண்டும்.

ஊடகத்தின் அளவுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கின்றி நெருக்கமாக அடுக்கிய கோளங்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் மொத்தக் கனஅளவில் ஏறக்குறைய 36 முதல் 40 சதவீதம். ஒன்றையொன்று தொடும் மூன்று கோளங்களுக்கு நடுவே நுழையக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் விட்டம் கோள விட்டத்தில் 15.5 சதவீதம். எனவே 100 மைக்ரான் மணிகளுக்கு இடையே மிகக் குறுகிய கழுத்தும் 15 மைக்ரானுக்குக் குறையாது. 200 நானோமீட்டர் துகளுக்கு அது அகலமான வாசல். சுவரின் பிடியை உணரும் துகளைக் காண விரும்பினால் மணிகளைச் சிறிதாக்க வேண்டும். 2 மைக்ரான் துளையில் 200 நானோமீட்டர் துகளின் விட்டம் துளை விட்டத்தில் பத்தில் ஒன்று. அந்நிலையில், துளைக்குள் துகளின் விரவல் எவ்வளவு குறையும் என்பதைத் தரும் ரென்கின் சமன்பாட்டின்படி திரவத்தின் இழுவையாலேயே விரவல் 0.79 மடங்காகக் குறையும். துகளின் மையம் எட்டக்கூடிய குறுக்குப்பரப்பும் 0.81 மடங்காகச் சுருங்கும்.

தடங்களைப் பின்தொடர்தல்

ழான் பெரன் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணோக்கியில் பார்த்தபடியே முப்பது நொடிக்கொருமுறை துகளின் இடத்தைத் தாளில் குறித்தார். ஐன்ஸ்டைனின் கணக்கு அப்படித்தான் உறுதிப்பட்டது. இன்று டிராக்மேட், டிராக்பை போன்ற மென்பொருள்கள் அதே வேலையை ஆயிரக்கணக்கான துகள்களுக்குச் செய்கின்றன. ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குத் துகள் நகரும் தொலைவு, துகள்களுக்கு இடையேயான சராசரித் தொலைவைவிட நன்கு குறைவாக இருந்தால்தான் மென்பொருள் ஒரு துகளை இன்னொன்றாக எண்ணிக் குழப்பாது. 200 நானோமீட்டர் துகள் நீரில் 20 மில்லிநொடிக்குள் ஏறக்குறைய 0.4 மைக்ரான் நகரும். எனவே துகள்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளி இருக்கும்படி கலவையை நீர்க்கச் செய்வது நல்லது.

தடங்கள் கிடைத்ததும், கொடுத்த கால இடைவெளியில் துகள் நகர்ந்த தொலைவின் இருமடியைச் சராசரி கண்டு, அதைக் கால இடைவெளிக்கு எதிரே வரைகிறோம். படத்தளத்தின் இரு பரிமாணங்களில் அந்தக் கோட்டின் சாய்வு விரவல் குணகத்தைப் போல் நான்கு மடங்கு. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் படியில்தான் மிகுதியான பிழைகள் நுழைகின்றன. ஆகவே ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம்.

கிளிசரால் கலவையில் 200 நானோமீட்டர் துகளின் விரவல் குணகம் நொடிக்கு ஏறக்குறைய 0.02 சதுர மைக்ரான். 20 மில்லிநொடி இடைவெளியில் அதன் சராசரி இருமடி இடப்பெயர்ச்சி நான்கு முறை 0.02 முறை 0.02, அதாவது 0.0016 சதுர மைக்ரான். இப்போது உங்கள் மென்பொருள் துகளின் மையத்தை ஒவ்வோர் அச்சிலும் 20 நானோமீட்டர் பிழையோடு கண்டறிகிறது என்று கொள்வோம். அந்தப் பிழை மட்டுமே இருமடி இடப்பெயர்ச்சியில் சேர்க்கும் தொகை நான்கு முறை 0.02 மைக்ரானின் இருமடி, அதாவது அதே 0.0016. துகள் அசைந்ததும் கேமரா தடுமாறியதும் சமமாகிவிட்டன. முதல் புள்ளியை மட்டும் நம்பினால் விரவல் குணகம் இரண்டு மடங்காகத் தெரியும். இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் பிழையும் உண்டு. ஒளிபடு நேரம் முழு ஃபிரேம் இடைவெளிக்கும் நீண்டால் அந்நேரத்தில் துகள் நகர்ந்ததெல்லாம் ஒரே மங்கலாகப் பதிந்து, முதல் புள்ளியில் உண்மையான அசைவின் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும்.

இவ்விரண்டையும் கையாள, கண்ணாடியில் உறுதியாக ஒட்டிய துகள்களை அதே வெளிச்சத்தில் படம்பிடித்து அவற்றின் போலி அசைவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒளிபடு நேரத்தை ஃபிரேம் இடைவெளியில் பத்தில் ஒன்றாகவேனும் குறையுங்கள். கோட்டைப் பொருத்தும்போது அது ஆதிப்புள்ளி வழியே செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். நீண்ட கால இடைவெளிகளில் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், தடத்தின் முழு நீளத்துக்கும் கோட்டைப் பொருத்துவதும் தவறு. பிழை வரம்பைக் கணக்கிட முழுத் தடங்களை மறுதேர்வு செய்ய வேண்டும், அதாவது அவற்றிலிருந்து தற்செயலாக மீண்டும் மீண்டும் எடுத்துக் கணக்கிட வேண்டும். தனித்தனி அடிகளை மறுதேர்வு செய்தால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும்.

நுண்துளை ஊடகத்துக்கே உரிய, முடிவை ஒருபக்கமாகச் சாய்க்கும் பிழையும் உண்டு. நுண்ணோக்கி தெளிவாகக் காணும் ஆழம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். வேகமாக நகரும் துகள் அந்த அடுக்கை விட்டுச் சீக்கிரம் வெளியேறும்; குறுகிய மூலையில் சிக்கிய துகளோ நிமிடக் கணக்கில் பார்வையில் இருக்கும். நீண்ட தடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சராசரி கண்டால், சிக்கிய துகள்களையே அளந்து ஊடகம் முழுவதும் மெதுவானது என்று முடிவு செய்துவிடுவீர்கள். திரையில் ஒரு துளையை உற்றுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: நடுவெளியில் ஒரு புள்ளி மின்னி, மங்கி, மறைந்துவிடும், ஓரத்தில் மற்றொரு புள்ளி ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒட்டியவற்றையும், சிக்கியவற்றையும், உலவுபவற்றையும் பிரித்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு வகையின் பங்கையும் முடிவோடு சேர்த்தே வெளியிடுவது நேர்மையான வழி.

சராசரி இருமடி இடப்பெயர்ச்சி நேர்கோடாக இருப்பதாலேயே எல்லாத் துகள்களும் ஒரேபோல் நகர்கின்றன என்று பொருளில்லை. அடிகளின் பரவலையும் வரைந்து பாருங்கள். அது மணிவடிவ வளைவிலிருந்து விலகி நீண்ட வால்களோடு இருந்தால், சில துகள்கள் துளைக்குள் அடைபட்டும் சில கழுத்துகளைத் தாண்டியும் செல்கின்றன என்பதை அந்த வால்கள் சொல்கின்றன.

ஓட்டமும் உருளையும்

நுண்ணோக்கிக்குள் அடங்காத மணலையும் பாறையையும் அளக்க உருளைச் சோதனையே துணை. 10 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் உள்விட்டமும் கொண்ட உருளையில் மணலை நீருக்குள்ளேயே இட்டு, காற்றுக்குமிழ் தங்காமல் நிரப்புங்கள். நுண்துளைமை, அதாவது மொத்தக் கனஅளவில் துளைகளின் பங்கு, 0.38 என்றால் துளைகளின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 18.7 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் செலுத்தினால் நீர் உருளையைக் கடக்க அவ்வளவு நிமிடங்களே ஆகும். 1856-இல் டார்சி தந்த விதியில் வரும் வேகம் முழுக் குறுக்குப்பரப்புக்கானது என்பதையும், துளைக்குள் நீர் நகரும் வேகத்தைப் பெற அதை நுண்துளைமையால் வகுக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இந்த வகுத்தலை விட்டுவிட்டதால் தவறிய முடிவுகள் மிகப் பல.

முதலில் புரோமைடு போன்ற, மணலில் ஒட்டாத உப்பைச் செலுத்தி வெளியேறும் செறிவை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். பிறகு துகள்களைச் செலுத்துங்கள். துகள்கள் உப்பைவிடச் சற்று முந்தி வந்தால் வியப்படைய வேண்டாம். துகளின் மையம் சுவரை ஒட்டிய மெதுவான ஓட்டத்துக்குள் நுழைய முடியாததால் அது சராசரியாக வேகமான நீரோடு பயணிக்கிறது. வெளியேறும் செறிவு நுழைந்த செறிவில் 0.6 பங்கில் நிலைத்துவிட்டால் மீதி மணலில் பிடிபட்டது என்று பொருள். மேலே சொன்ன உருளையில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.027 என்ற பிடிப்பு வீதத்தைத் தரும். 0.6-இன் இயல் மடக்கையின் குறியை மாற்றி, நீர் உருளையைக் கடக்கும் நேரத்தால் வகுத்தால் இது கிடைக்கும். இறுதியில் மணலை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து அதில் தங்கிய துகள்களையும் எண்ண வேண்டும். உள்ளே போனதும், வெளியே வந்ததும், தங்கியதும் கூட்டலில் ஒத்துவராத சோதனையை நான் ஏற்பதில்லை.

உருவகப்படுத்தல்

200 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் துகளின் நிலைமம் நீரில் இரண்டு நானோநொடி அளவிலேயே தீர்ந்துவிடும். எனவே முடுக்கத்தைக் கணக்கிட வேண்டியதில்லை. ஒவ்வோர் அடியிலும் துகளின் புதிய இடம் என்பது பழைய இடம், திரவ ஓட்டத்தால் ஏற்படும் நகர்வு, தற்செயல் அடி ஆகிய மூன்றின் கூட்டு. தற்செயல் அடியின் அளவு ஒவ்வோர் அச்சிலும் விரவல் குணகத்தையும் கால அடியையும் பெருக்கியதன் இருமடங்குக்கு வர்க்கமூலம். இந்த அடி மிகக் குறுகிய கழுத்தின் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 2 மைக்ரான் கழுத்தும் நீரும் என்றால் கால அடி 9 மில்லிநொடிக்குள் அடங்க வேண்டும். பிறகு அதைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். முடிவு மாறினால் இன்னும் பாதியாக்குங்கள்.

துளை வடிவத்தை நுண்ணோக்கிப் படத்திலிருந்தோ எக்ஸ்-கதிர் மைக்ரோடோமோகிராஃபியிலிருந்தோ பெறலாம். கழுத்தின் குறுக்கே குறைந்தது பத்து வாக்சல்களாவது (முப்பரிமாணப் பிக்சல்கள்) இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. அதற்குக் குறைந்தால் படத்தைக் கருப்பு வெள்ளையாகப் பிரிக்கும் வாசல் மதிப்பே உங்கள் விடையைத் தீர்மானித்துவிடும். திரவ ஓட்டத்தைக் கட்டங்களில் கணக்கிடும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையைப் பயன்படுத்துவோர் ஒற்றைத் தளர்வு நேர வடிவைத் தவிர்ப்பது நல்லது; அதில் ஊடுருவுதிறன் (ஊடகம் திரவத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது) நீங்கள் இட்ட பாகுத்தன்மையைச் சார்ந்து மாறும், இயற்கையில் அப்படி மாறுவதில்லை. இரட்டைத் தளர்வு நேர வடிவம் இக்குறையை நீக்குகிறது.

சுவருக்கு அருகே துகளின் விரவல் குறைவதைச் சேர்க்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. விரவல் குணகம் இடத்துக்கு இடம் மாறினால், அந்த மாற்றத்தின் வீதத்துக்கு ஈடான ஒரு நகர்வையும் ஒவ்வோர் அடியிலும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் துகள்கள் காரணமின்றிச் சுவரோரம் குவியும். பார்ப்பவர் அதைச் சுவரின் ஈர்ப்பு என்று நம்பிவிடுவார். ஓட்டத்தையும் ஈர்ப்பையும் நிறுத்திவிட்டுத் துகள்களை நெடுநேரம் உலவ விடுங்கள். அவை எட்டக்கூடிய இடமெங்கும் சமமாகப் பரவியிருந்தால் நிரல் சரி.

உண்மையான வடிவத்துக்குப் போகும் முன் விடை தெரிந்த இரு கணக்குகளில் நிரலைச் சோதிக்க வேண்டும். முதலாவது, மொத்த இடத்தில் பத்து சதவீதத்தை அடைத்துக்கொண்ட, ஒன்றையொன்று தொடாத கோளங்களுக்கு இடையே புள்ளித்துகள் விரவுவது. மேக்ஸ்வெல்லின் கணக்குப்படி நீண்டகால விரவல் 0.95 மடங்காக வேண்டும். இரண்டாவது, 5 மைக்ரான் ஆரமுள்ள நேர்க்குழாயில் நொடிக்கு 1 மைக்ரான் சராசரி ஓட்டமும் 0.5 விரவல் குணகமும் கொண்ட துகள்கள். டெய்லரும் ஆரிஸும் தந்த சமன்பாட்டின்படி ஓட்டத்திசையில் பரவல் 3.08 மடங்காக வேண்டும். ஆனால் அதைக் காண, துகள் குழாயின் குறுக்கே விரவ எடுக்கும் 50 நொடியைவிடப் பல மடங்கு நேரம் ஓட்ட வேண்டும். ஒரு எல்லையில் வெளியேறும் துகள் மறுபுறம் நுழையும் பெட்டியைப் பயன்படுத்தினால், துகள் கடந்த பெட்டிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுங்கள்.

இரண்டையும் ஒப்பிடுதல்

கணினி துகளின் இடத்தைத் துல்லியமாக அறியும், கேமரா அறியாது. ஆகவே கணினித் தடங்களையும் கேமரா வழியே அனுப்ப வேண்டும். ஒளிபடு நேரம் முழுவதும் துகளின் இடத்தைச் சராசரியாக்குங்கள். ஒட்டிய துகள்களில் அளந்த 20 நானோமீட்டர் பிழையைத் தற்செயலாகக் கூட்டுங்கள். நுண்ணோக்கியின் ஆழத்துக்கு வெளியே போன பகுதிகளை வெட்டி நீக்குங்கள். எஞ்சிய துண்டுத் தடங்களை அளவீட்டுக்குப் பயன்படுத்திய அதே நிரலில், அதே அமைப்புகளோடு பகுத்தாயுங்கள். சராசரி இருமடி இடப்பெயர்ச்சி, அடிகளின் பரவல், தட நீளங்களின் பரவல் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டுதலையும் சிக்குதலையும் மிக விரைவில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இதற்குப் பின்னும் வேறுபாடு எஞ்சினால் அது பேசத் தகுந்த வேறுபாடு. குறுகிய நேர இடைவெளிகளிலேயே அளவீடு மெதுவாக இருந்தால் பாகுத்தன்மையையோ சுவரின் இழுவையையோ ஐயுறுங்கள். குறுகிய நேரத்தில் பொருந்தி நீண்ட நேரத்தில் மட்டும் விலகினால், படத்தில் திறந்ததாகத் தெரிந்த கழுத்துகள் உண்மையில் அடைபட்டிருக்கலாம். தட நீளங்கள் மட்டும் ஒத்துவராவிட்டால் துகளுக்கும் சுவருக்கும் இடையிலான மின்விசையைப் பார்க்க வேண்டும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 1 மில்லிமோல் சாதாரண உப்பு இருக்கும்போது பரப்பின் மின்னூட்டம் ஏறக்குறைய 9.6 நானோமீட்டர் தொலைவு வரை உணரப்படும். 100 மில்லிமோலில் அது 1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உப்பைக் கூட்டியதும் ஒட்டும் துகள்கள் பெருகி, உப்பைக் குறைத்ததும் தட நீளங்கள் கணினித் தடங்களோடு பொருந்தி வருமானால், விடுபட்டது அந்த விசைதான். உருவகப்படுத்தலில் அதைச் சேர்த்து, இரண்டு உப்புச் செறிவுகளுக்கும் மீண்டும் ஓட்டுங்கள்.